கல்லு நாடகத்தில் ஷீனா செத்த கதை

ஜூன் 9, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடு. பந்தியில் அமிர்தவல்லி பக்கத்தில் இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரரோடு பிறந்தவள். பால்கோவா கடை வைத்திருக்கிறாள், அதைவிடப் பெரிதாக வாய் வைத்திருக்கிறாள். அவள் பேரன் பெங்களூரில் கார் வாங்கின கதையைச் சாம்பாரில் ஆரம்பித்து மோர் வரைக்கும் ஓட்டினாள். மோர் ஊற்றினதும் நான் ஆரம்பித்தேன்.

மகன் வழிப் பேரன் ஆல்வின் கத்தாரில் கேஸ் கம்பெனி இஞ்சினியர். மேசை மேல் அவன் பேரைப் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகள் இந்துவின் வயிற்றுப் பேரன் பெனின், சேத்தூரில் இருந்து பாலிடெக்னிக் போகிறான், கேரம் விளையாட்டில் முதல் பரிசு. கோப்பை அவன் இடுப்பு உசரம், வைக்கத்தான் வீட்டில் இடம் இல்லை. ஆல்வின் கூடப் பிறந்த எங்க ஷீனா பி.இ. எலக்ட்ரிக்கல், முதல் வகுப்பு. இப்போ டி.வி.யில். அடுத்த வாரம் வருகிற புது நாடகத்தில் விஞ்ஞானி. பூமி மேல் விழப்போகிற கல்லை முதல் முதலாகக் கண்டுபிடிக்கிறதே அவள்தான்.

அமிர்தவல்லி இலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஜெபக்குமாருக்குத்தான் மக செத்துட்டாளே மதினி?"

மோர் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

அவள் சொன்னது பொய் இல்லை. என் மகன் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாள். ஜெபக்குமார் மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். தன் வேலையையே மகளும் படிக்கட்டும் என்று படிக்க வைத்தான். மில்லிலேயே வேலைக்கும் சொல்லி வைத்தான். அவள் போன வருஷம் நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். அன்றையிலிருந்து வேதக்கோயில் வாசலிலும் மில் கேட்டிலும் ஒரே பேச்சுதான் அவனுக்கு: "எனக்கு மகன் ஒருத்தந்தான். மக செத்துட்டா."

பெற்றவன் வாயில் வருகிற சொல்லா இது?

ஜூன் 16, திங்கள்

நாடகம் ஆரம்பித்தாச்சு. 'கல் வருகிறது' என்று பேர். சாயங்காலம் ஏழு மணிக்கு. நானும் மருமகள் பொன்மணியும் உட்கார்ந்தோம். ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஜெபக்குமார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கல் பார்க்கக் கரிந்துபோன அதிரசம் மாதிரி இருக்கிறது. அது வருகிற சத்தம் மட்டும் பழைய கிரைண்டர். விண்வெளி ஆபீஸ் என்று காட்டுகிறார்கள், அச்சு அசல் நம்ம ஆதார் எடுக்கிற இடம். தலைமை விஞ்ஞானிக்கு அம்மா ஒருத்தி, பட்டுச் சேலையோடு நேரே ஆபீசுக்குள்ளேயே வந்து மருமகளைத் திட்டுகிறாள். காவல்காரன் ஒருத்தன் கிடையாதா அங்கே?

பொறவு ஷீனா வந்தாள். கண்ணாடி போட்டு, கொண்டை போட்டு. "சார், கல்லு திசை மாறிருச்சு சார்!" அவ்வளவுதான் வசனம். அதை மூன்று பக்கமிருந்து காட்டினார்கள். மூன்று பக்கமும் லட்சணமாக இருந்தாள். பொன்மணி முந்தானையால் டி.வி.யைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம் பூரா கல் ஒரு அங்குலம் நகரவில்லை. காபியில் உப்புப் போட்டது யாரென்ற விசாரணையே இன்னும் முடியவில்லை. அதுவரைக்கும் கல்லும் வானத்தில் பொறுமையாகக் காத்துக் கிடக்கிறது. நல்ல வளர்ப்பு.

ஜூலை 3, வியாழன்

கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னால் ஒருத்தி மழைக்காக, ஒருத்தி போதகர் அம்மா மூட்டுவலிக்காக, அதுக்குக் கீழே ஒருத்தி 'கல்' என்று எழுதியிருக்கிறாள். "எந்தக் கல்லும்மா, கிட்னியிலயா?" என்று போதகர் அம்மா கேட்டாள். "இல்லைங்கம்மா, ஏழு மணிக்கு வருதே, அது." கண்ணை மூடிக்கொண்டு அதுக்கும் ஜெபித்தோம். கர்த்தர் எதைத்தான் தாங்குவார்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு மாடத்தி. "யக்கா, கல்லு நம்ம பக்கம் உளுமா, சேத்தூர்ப் பக்கம் உளுமா? உம்ம பேத்தி ஏதும் சொன்னாளா?"

"ரெண்டு பக்கமும் விழாதுட்டி. நாடகக்காரனுக்கு இம்புட்டுத் தூரம் கேமராவைத் தூக்கியார முடியாது. மெட்ராஸ்லதான் விழும்."

அவள் நிம்மதியாகப் போனாள்.

ஜூலை 10, வியாழன்

ஷீனா போன் பண்ணினாள். என் போனுக்குத்தான் பண்ணுவாள். அப்பன் அவள் நம்பரை அழித்துவிட்டான்.

"அப்பத்தா, அப்பா பாக்காகளா?"

"ஏழு மணிக்குச் சரியா அவனுக்கு வெளிவேலை வந்துருதுட்டி."

பிறகு ஆகஸ்டில் நம்ம கோயில் அசனம் எந்தத் தேதி என்று கேட்டாள். ஊரே கோயில் வளாகத்தில் பந்தி பந்தியாக உட்கார்ந்து சோறு தின்கிற நாள். சின்னதிலிருந்து அவள் தப்பவிட்டதில்லை, போன வருஷம் மட்டும்தான். நீ வாட்டி, நான் பாத்துக்கிடுதேன் என்றேன்.

"நீங்க கூப்பிட்டா வரமாட்டேன் அப்பத்தா. அப்பா வரச் சொன்னா வாரேன். வாசல்ல நின்னு திரும்பிப் போறதுக்கு ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வர என்னால ஏலாது."

ரோஷம். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. ராத்திரி எதிரே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சாப்பாட்டிலேயே ஜெபக்குமாரிடம் பேச்சை எடுத்தேன். "செத்தவ எப்படிம்மா வருவா?" என்று கேட்டுவிட்டு ரசம் கேட்டான். ஊற்றவில்லை நான். பொன்மணி ஊற்றினாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

அமிர்தவல்லி போனில். "தினமும் பாக்கேன் மதினி, ஒரு நாள் விடுறதில்ல. நம்ம ஷீனா அழுத சீன்ல நானும் அழுதுட்டேன்."

ஷீனா இதுவரைக்கும் ஒரு சீனிலும் அழவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

ஜூலை 25, வெள்ளி

ஷீனாவைக் கொன்றுவிட்டான் பாவி.

விண்வெளி ஆபீசில் ஷார்ட் சர்க்யூட். ஒரு கம்பியைத் தொட்டாள், நீல வெளிச்சம் அடித்தது, விழுந்தாள். கல்லைக் கண்டுபிடித்தவளைச் சாகடித்துவிட்டு இனி எவன் கண்டுபிடிப்பான்? உப்புப் போட்டவள் நல்லாயிருக்கிறாள்.

அடுத்தாற்போல் அவள் படத்தைப் பெரிசாகக் காட்டினான். மாலை, ஊதுபத்தி, அணைஞ்சு அணைஞ்சு எரிகிற சிவப்பு பல்பு. பொன்மணி வீல் என்று கத்திவிட்டாள். நானும் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் அது நாடகத்துக்கென்று எடுத்த படம் இல்லை. பட்டம் வாங்கின அன்றைக்குக் கறுப்பு அங்கியோடு எடுத்த படம். எங்க ஹாலில் நாலு பேர் பார்க்கத் தொங்கி, ஜெபக்குமார் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் போட்டானே, அதே படம். நாடகக்காரனுக்குத் தனியாக ஒன்று எடுக்கச் சோம்பல். உன் போனில் ஏதாவது இருந்தால் கொடும்மா என்று வாங்கி மாலையைப் போட்டுவிட்டான்.

உடனே அவளுக்குப் போன் பண்ணித் திட்டினேன். சிரிக்கிறாள். "நல்லாயிருந்துச்சா அப்பத்தா சாவு?"

ஜூலை 26, சனி

இந்த நாளை எப்படி எழுத.

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வாசலில் வேன் நின்றது. எட்டிப் பார்த்தால் அமிர்தவல்லி, அவள் மருமகள், சுந்தரபாண்டியத்துச் சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம். எல்லாரும் வெளுத்த சேலை. கையில் தூக்குவாளி நிறையக் கடுங்காப்பி. எங்கேயோ துட்டி கேட்கப் போகிறார்கள், சாவு வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று சிரித்தேன்.

துட்டிக்கு வந்தவர்களை எவளாவது 'வாங்க' என்பாளா? அமிர்தவல்லி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். "ஐயோ மதினி, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே! பேத்தியைத் தூக்கிக் குடுத்துட்டு வாங்கன்னு சிரிக்கீகளே!" மற்றவர்களும் சுற்றி நின்று தோளில் கை போட்டு ஒப்பாரி வட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. அடுப்பில் இட்லி வேறு.

எல்லாம் பெனின் செய்த வேலை. ராத்திரி டி.வி.யில் வந்த அந்த மாலை போட்ட படத்தைப் பிடித்து, 'மிஸ் யூ அக்கா' என்று விளையாட்டாகப் போனில் போட்டிருக்கிறான். நாடகம் பார்க்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள்? அவர்களுக்குத் தெரிந்தது எங்க ஹால் படம், அதுக்கு மாலை. பிறகென்ன, ராஜபாளையம், சேத்தூர், சுந்தரபாண்டியம் என்று விடிவதற்குள் சுற்றி வந்துவிட்டது.

ஜெபக்குமார் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவன் பாதி முகத்துச் சோப்போடு ஓடி வந்தான். "ஏ அத்த, யாரு செத்தது?"

"யாருன்னா கேக்க? ஏலே, நீ கல்லுலே! சுவத்துல இருந்த படத்தைக்கூடக் கழத்திட்டியேலே!" அமிர்தவல்லி அவன் நெஞ்சில் குத்தினாள்.

அவன் விளங்காமல் நிற்கும்போதே மில்லில் இருந்து கருத்தையாவும் பாண்டிதுரையும் வந்தார்கள். அவன் கீழே வேலை பார்க்கிறவர்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார்கள், கையில் ரோஜா மாலை. பாண்டிதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணாச்சி, நீங்க போன வருசமே சொன்னீக, மக செத்துட்டான்னு. நாங்கதான் கோவத்துல சொல்லுதீகன்னு நெனைச்சுட்டோம். மன்னிச்சிருங்க."

என் மகன் முகத்தைப் பார்த்தேன். சோப்பு இல்லாத பக்கமும் வெளுத்துவிட்டது.

"இல்ல பாண்டிதுரை. அவ... நல்லாத்தான் இருக்கா." வாய்க்குள்ளேயே சொன்னான்.

"என்ன அண்ணாச்சி?"

"நல்லாருக்கான்னேன்."

கேட்டுக்கொண்டே அடுத்த ஆட்கள் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னான். தெருமுனைக் கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். அவரிடமும். ஒவ்வொரு தரமும் சத்தம் கூடியது. கடைசியில் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கத்தினான். "எம் மக உசுரோட இருக்கா! மெட்ராஸ்ல இருக்கா! நாடகத்துல நடிக்கா!" ஒரு வருஷமாக அந்த வாயிலிருந்து பிடுங்க முடியாத வார்த்தை. நான் இட்லிச் சட்டியை இறக்கப் போனவள் அப்படியே நின்றேன்.

அமிர்தவல்லி நம்பவில்லை. அவளா நம்புவாள். "உசுரோட இருக்கான்னா, கடேசியா எப்பம் பேசுன?"

அவன் விரல் விட்டு மாசத்தை எண்ணினான். எண்ணுவதைப் பார்த்துக் கூட்டம் மறுபடி ஒப்பாரியை எடுத்தது.

"போனைப் போடுலே. அவ குரலைக் கேட்டாத்தான் என் வேன் திரும்பும்."

என்னிடம் வந்தான். கண்ணைப் பார்க்காமல், "அம்மா, நம்பரு" என்றான்.

கொடுத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தார்கள். ஷூட்டிங்கில் இருப்பாள், எனக்குத் தெரியும். அவன் நடையில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தான். சோப்பு முகத்திலேயே காய்ந்துவிட்டது. பெனின் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான். ஜெபக்குமார் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தான். "ஏலே, அது நாடகந்தானே? நாடகந்தானேலே?"

"நாடகந்தான் மாமா, சத்தியமா—"

"பின்ன ஏன்லே எடுக்க மாட்டேங்கா?"

செத்த நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு ஒரு யுகம். போன் அடித்தது. பெனின் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"யாரு... அப்பாவா? இது அப்பா நம்பருதானே?"

அவன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். என் மகன் கேட்டது இது:

"எப்படிட்டி செத்த?"

"...ஷார்ட் சர்க்யூட்டுப்பா. லேப்ல."

"நாலு வருசம் எலக்ட்ரிக்கல் படிச்சவ ஷார்ட் சர்க்யூட்டுல செத்தியாட்டி? பிரேக்கர் ட்ரிப் ஆகாதா? லைன்ல கை வைக்கதுக்கு முன்னால மெயினை ஆஃப் பண்ணணும்னு ஒண்ணாங் கிளாஸ்லயே உனக்குச் சொல்லிக் குடுத்தேனேட்டி!" கத்துகிறான். கத்திக்கொண்டே அழுகிறான்.

"நான் சொன்னேம்ப்பா. இப்படிச் சாக முடியாது சார்னு டைரக்டர்ட்ட சொன்னேன். கேக்கல."

"கேக்கமாட்டானுவ. மில்லுலயும் அப்படித்தான். எவன் கேக்கான்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். சோப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது. "அடுத்த மாசம் அசனம். லீவு குடுப்பானா?"

"செத்துட்டேன்லப்பா. இனி லீவுதான்."

கருத்தையாதான் முதலில் சிரித்தான். பிறகு வேனில் வந்த மொத்தக் கூட்டமும். பொன்மணி மட்டும் போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துட்டிக்கு வந்த வாயால் இட்லி தின்னலாமா என்று கொஞ்சம் யோசித்தார்கள். சட்னி வந்ததும் யோசனை போய்விட்டது. கடுங்காப்பியும் வீணாகவில்லை, நான் சீனி போட்டுக் கொடுத்தேன்.

அமிர்தவல்லி தட்டில் நாலாவது இட்லி வைக்கும்போது மெல்லக் கேட்டேன். "தினமும் பாக்கேன், ஒரு நாள் விடுறதில்லன்னியே?"

"நேத்து கரண்டு இல்ல மதினி."

"வில்லிபுத்தூர்ல ஜூன் மாசத்துல இருந்தே கரண்டு இல்லையோ?"

முறைத்தாள். பிறகு குனிந்துகொண்டாள். நானும் அதோடு விட்டேன். நாளைக் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். வருஷத்தில் கடையில் நிற்க இடமில்லாத நாட்கள் இவைதான். அந்தக் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் பேத்திக்காக நெஞ்சிலடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாய்தான் மோசம்.

துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வேனில் ஏறினவள் இறங்கி வந்து, தெரு கேட்க, "மதினி, போயிட்டு வாரோம்!" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் எல்லாரும் எங்களைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் ஐயா, இயேசு உயிரோடு எழுப்பின யவீருவின் மகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். பிள்ளை மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், தானாக அமைந்ததாம். ஜெபக்குமார் தலை நிமிரவில்லை. காணிக்கைப் பை வந்தபோது மட்டும் கை சட்டைப்பைக்கு வேகமாகப் போனது.

ஆகஸ்ட் 6, புதன்

கல் திரும்பிப் போய்விட்டது! ராக்கெட் ராக்கெட்டாக விட்டும் கேட்காத கல், தலைமை விஞ்ஞானியின் அம்மா பட்டுச் சேலையோடு அங்கப்பிரதட்சணம் பண்ணினதும் கேட்டுவிட்டது. மாடத்தி, "நம்ம ஊரு தப்பிச்சுட்டுக்கா" என்று மிட்டாய் கொண்டு வந்தாள். நாடகம் இன்னும் முடியவில்லை. அடுத்து சூரியன் அணையப் போகிறதாம். ஷீனாவுக்கு இரட்டைப் பிறவி அக்கா ஒருத்தி இருந்தாளாம், அவளாக ஷீனாவே வருகிறாளாம். எனக்குத் தெரியாமல் எங்க வீட்டில் இரட்டைப் பிள்ளை.

ஏழு மணிக்கு ஜெபக்குமார் சட்டை மாட்டவில்லை. டி.வி. பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து மிக்சி ரிப்பேர் பார்த்தான். காலையில்தான் நான் அதில் சட்னி அரைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று அசனம். ஷீனா முந்தாநாள் வந்தாள், இன்றைக்கு ரயிலேறிவிட்டாள். இரட்டைப் பிறவி அக்காவுக்கு நாளையே ஷூட்டிங். அப்பனும் மகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ராக்கெட் ஒயரிங் எல்லாம் தப்பு என்று பேசிக்கொண்டே தின்றார்கள். பரிமாறினவன் மூன்று தரம் ரசம் வேணுமா என்று கேட்டும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

போன வாரம் ஜெபக்குமார் பீரோவுக்குப் பின்னால் கிடந்த பட்டமளிப்புப் படத்தை எடுத்து மாட்டப் போனான். விடவில்லை நான். ஊரே மாலையோடு பார்த்த படம். வேதக்காரிதான், சகுனம் பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் அது மறுபடி என் சுவரில் ஏறக் கூடாது. அவன் நேரே கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய படச்சட்டம் ஒன்று வாங்கி வந்து ஹால் நடுவில் மாட்டிவிட்டான். கண்ணாடி போட்டது. உள்ளே கடைக்காரன் அழகுக்கு வைத்த வெள்ளைக்காரப் பெண் படம். பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். அதையாவது உருவிப் போடுலே என்றால், வெறுஞ்சட்டமாக மாட்டக் கூடாதும்மா என்கிறான். இவனுக்கும் எனக்கும் எந்த வேதாகமத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறது?

இன்றைக்கு ஆல்வினுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் அம்மா சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தார்ல ஏற்கெனவே முடிச்சிட்டாரோ?" என்று கேட்டுவிட்டுக் காபியை வைத்துவிட்டாள். விளக்கிச் சொல்வதற்குள் பாதிப் பேர் செருப்பு மாட்டிவிட்டார்கள்.

பொறுத்தது போதும் என்று குடும்ப குரூப்பில் நானே போட்டேன். எழுத்தைத் தேடித் தேடித் தட்ட அரை மணி நேரம். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஏட்டி ஷீனா, ஒரு புதுப் படம் எடுத்து இன்றைக்கே இந்தக் குரூப்பில் போடு. தெளிவாக, நேரே பார்த்து. கொண்டை வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பூ மாலை ஆகவே ஆகாது. உங்கப்பன் பிரிண்ட் போடக் கடையில் சொல்லி வைத்துவிட்டான். வாரவங்ககிட்ட எல்லாம் அந்த வெள்ளைக்காரியைக் காட்டி, 'எம் மக படம் வருது, அதுவரைக்கும் இது இருக்கட்டும்' என்கிறான். சீக்கிரம் போடுட்டி."